பலாமரச் சந்தில் பதினோரு இலைகள்

டனர்ன் ரோடு விடுதி, சிங்கப்பூர்
4.1.1957

அக்கா,

விடுமுறைக்கு வரவில்லை. அப்பா கோபமாக இருப்பார். நூலகம் திறந்திருந்தது, அவ்வளவுதான் காரணம்.

இங்கே மலாக்காவைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள். கோட்டைச் சுவர் எத்தனை அடி, பீரங்கி எத்தனை, எந்த ஆளுநர் எந்தக் காய்ச்சலில் செத்தான், எல்லாம் இருக்கிறது. நம் காஜா பெராங் இருக்கிறதா என்று தேடினேன். ஒரு வரைபடத்தின் ஓரத்தில், மடிப்பு விழுந்து கிழிந்த இடத்தில் இருந்தது. நம் பலாமரச் சந்து அதிலும் இல்லை.

இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு சொல்லியாக வேண்டும். 'ஒரு சந்தின் வீடுகள்' என்றேன். பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டார். அங்கேயே என் அக்கா இருக்கிறாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு வேண்டியது இது. ஒவ்வொரு வீடும் எந்த ஆண்டு கட்டியது. யார் கட்டியது. முன்பு அங்கே என்ன இருந்தது. ஒன்பது வீடுகளில் ஆறுதான் இப்போது நிற்கின்றன. இரண்டு, மூன்று, நான்கு எப்போது போயின, அந்த இடத்தில் லாரிக் கொட்டகை எப்போது வந்தது.

பள்ளி விட்ட பிறகு கேட்டு எழுது. முனையில் இருக்கும் மீனாச்சி அக்கா வீட்டில் தொடங்கு. பழசு அதுதான் போலத் தெரிகிறது.

ஜெயபாலன்


பலாமரச் சந்து, காஜா பெராங்
16.1.1957

தம்பி ஜெயபாலனுக்கு,

அப்பா கோபமாக இல்லை. மருத்துவமனையில் இரவு வேலை, பகலில் தூங்குகிறார். கோபப்பட நேரமில்லை.

உன் கேள்விகளை எடுத்துக்கொண்டு நான்கு நாள் அலைந்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, அதே தொண்டையோடு வீடு வீடாக 'எந்த வருடம்' என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மீனாச்சி அக்கா பலகாரத் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்குத் தமிழ் வராது என்பது உனக்குத் தெரியும். மலாக்காச் செட்டிகள் எப்போதோ தமிழை மறந்தவர்கள்; அந்தச் சிட்டி ஆட்களின் மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"வருசமா? வீடு என்ன புள்ளையா, பொறந்த சூரா பத்திரம் எடுத்து வைக்க? என் அம்மா வந்தப்ப இருந்துச்சு, நான் வந்தப்ப இருந்துச்சு. போதாதா, சேகு?"

ஆசிரியை என்பதால் அவர்களுக்கு நான் சேகு. "உங்க வீடு எப்பக் கட்டினது, சேகு?" என்று திருப்பிக் கேட்டாள். நாம் பன்னிரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீடு. எனக்கும் தெரியவில்லை.

போகியன்று கை உதவிக்குக் கூப்பிட்டாள். செத்தவர்களுக்கு அவர்கள் படைப்பது அன்றைக்குத்தான். முன் அறையில் பாய் விரித்து, வாழை இலைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, மீன் சம்பால், கத்தரிக்காய், பலகாரம். சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. ஒவ்வோர் இலைக்கு முன்னும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வெகுநேரம் முற்றத்தில் நின்றோம். மறுபடி நுழைய மூன்று தரம் தட்ட வேண்டும். சாப்பிடுகிறவர்கள் மேல் திடுதிப்பென்று போய் விழக்கூடாதாம்.

பெயர்களில் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான், அஞ்சலை. மற்றவை புகையோடு போய்விட்டன. வேண்டுமானால் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறேன். மொத்தம் பதினோர் இலை. எட்டாம் எண்ணில் நாகம்மா அக்கா வீட்டில் ஐந்து.

வேறொன்றும் கிடைக்கவில்லை.

சந்திரமதி


சிங்கப்பூர்
22.1.1957

அக்கா,

வேறொன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எல்லாமே கிடைத்துவிட்டது.

இலைகள்தான் ஆவணம். காகிதம் இல்லாதவர்கள் தங்கள் தலைமுறைகளைத் தரையில் விரித்து வைக்கிறார்கள். ஒரு தலைமுறைக்குக் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். பதினோர் இலை, ஐந்தரைத் தலைமுறை. தலைமுறைக்கு இருபத்தைந்து வருடம் வைத்தால் மீனாச்சி அக்கா வீடு 1820 வாக்கில் வந்து நிற்கிறது. நாகம்மா அக்கா வீடு 1895. கண்ணெதிரே ஒரு தெருவின் வயது.

பேராசிரியரிடம் சொன்னேன். சன்னல் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். இதுவரை யாரும் இப்படிப் பார்த்ததில்லை என்றார். மூன்று வருடத்தில் முதல் முறையாக என் பெயரைச் சரியாக உச்சரித்தார்.

பெயர்கள் வேண்டாம். எண்ணிக்கை போதும். மற்ற வீடுகளின் எண்ணிக்கையையும் அனுப்பு. சீக்கிரம்.

ஜெ.


காஜா பெராங்
10.3.1957

தம்பிக்கு,

நீ கேட்ட எண்ணிக்கை இன்னொரு தாளில் இருக்கிறது. அதை முதலில் எடுக்காதே, இதைப் படி.

போன வாரம் மீனாச்சி அக்கா கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள். சாலையை அகலப்படுத்துகிறார்களாம். ஆகஸ்டில் மலாயா சுதந்திரத்துக்கு முன்னால் முடிக்க வேண்டுமாம். கோடு அவள் வீட்டு நடு அறை வழியாகப் போகிறது. ஜூன் பன்னிரண்டில் விசாரணை. நிலம் தன்னுடையது என்று சொல்கிறவர்கள் ஆதாரத்தோடு வர வேண்டும்.

அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் அவள் அப்பா பத்திரத்தை பிஸ்கட் டின்னில் வைத்துக் கொல்லையில் புதைத்தார். சண்டை முடிந்து தோண்டினால் டின் இருந்தது. உள்ளே கரையான் மண்தான்.

நான் லீவு போட்டுவிட்டு அவளோடு நில அலுவலகம் போனேன். அங்கே கிளார்க்கு ராஜரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "பிள்ளை, அழுது பிரயோசனம் இல்லை. கனகாலமா இருந்த ஆக்கள் எண்டு பெரிய இடத்துக் கடிதம் ஒண்டு கொண்டு வாங்கோ. உங்கட தம்பி யூனிவர்சிட்டியில எண்டு சொன்னீங்களே. அவர் எழுதினா வைச்சுப் பாப்பினம்."

உன் 1820-ஐ எழுதி அனுப்பு. உனக்கு அது கட்டுரை, தெரியும். அவளுக்குப் போக வேறு இடமில்லை. புருசன் போய் ஆறு வருடம். வாசல் நிலையில் கட்டியிருந்த மாவிலையைப் புதுசாக மாற்றியிருக்கிறாள், இந்த நேரத்தில். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சந்திரமதி


சிங்கப்பூர்
19.3.1957

அக்கா,

அனுப்பிவிட்டேன். அலுவலகத்துக்கு நேராக, ஆங்கிலத்தில், துறையின் தாளில், இரண்டு பக்கம். இந்த வீட்டில் ஒரே குடும்பம் ஏறத்தாழ நூற்று முப்பது வருடங்களாகத் தொடர்ந்து வாழ்ந்து வருகிறது என்று எழுதி, கணக்கிட்ட முறையையும் விளக்கியிருக்கிறேன். பேராசிரியரும் கீழே கையெழுத்திட்டார். அவருடைய கையெழுத்து!

நகல் இத்துடன். உனக்குப் படிக்கக் கடினமாக இருக்கும். பத்திரமாக வை.

ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையில் உன்னையும் குறிப்பிட்டிருக்கிறேன். 'உள்ளூரில் தகவல் தந்த ஒருவர்' என்று. பெயர் போடுவது வழக்கமில்லையாம்.

ஜெ.


காஜா பெராங்
5.5.1957

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிக்கக் கடினமாக இருந்தது உண்மைதான். இரண்டு பேரையும் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப அப்பாவால் முடியவில்லை. ஒருவரைத்தான் அனுப்பினார். யாரை என்று நான் எழுத வேண்டியதில்லை. நகலை ராஜரத்தினத்திடம் கொண்டுபோய்த்தான் பொருள் கேட்டேன்.

திரும்பி வந்து மீனாச்சி அக்காவிடம் சொன்னேன். பதினோர் இலையை வைத்து உன் வீட்டுக்கு நூற்று முப்பது வயது என்று எழுதியிருக்கிறான், இனி பயமில்லை என்றேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"பதினொண்ணும் என் வீட்டு ஆளுங்கன்னு யார் சொன்னா?"

நான்குதான் அவளுடையது. மற்ற ஏழும் இரண்டு, மூன்று, நான்காம் எண் வீடுகளுடையவை. அவற்றை விற்று இடித்தபோது, அங்கே செத்தவர்களுக்கு இலை போட ஆளில்லாமல் போனது. அவள் அப்பா போய் அந்த வீட்டு வாசல்களில் நின்று, எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு வந்தாராம். அது முதல் ஏழு இலை சேர்ந்தது.

"பாவம், வேற எங்க போவாங்க? லாரிக் கொட்டகையிலயா உக்காந்து சாப்பிடுவாங்க? இந்த சந்து தவிர அவுங்களுக்கு வழி தெரியாது."

இன்னும் கேள். அவள் வீடு 1924-இல் கட்டியது. அவள் அம்மா வந்த பழைய வீடு தீயில் போய்விட்டது. அவள் அப்பா புதிதாகக் கட்டினார். தீப்பிடித்த வருடம் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அது செத்துப்போன அவள் மூத்த அண்ணன் பிறந்த வருடம். நான் ஜனவரியில் 'எப்போது கட்டியது' என்று கேட்டேன். 'எப்போது எரிந்தது' என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

உன் மேல் கோபப்பட்டு இதை எழுதவில்லை. கடிதம் அலுவலகத்தில் இருக்கிறது. அவர்களுக்கு இலையும் தெரியாது, தீயும் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும். நீ ஒன்றும் செய்யாதே. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் நான் கேட்பது.

சந்திரமதி


சிங்கப்பூர்
9.5.1957

அக்கா,

இரண்டு நாள் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடியாது.

கட்டுரையைத் திருத்தியாக வேண்டும், ஜூன் முதல் தேதி கடைசி. கட்டுரையில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என்று எப்படி இருக்க முடியும்? பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கையெழுத்திட்ட பேனாவை மூடித் தள்ளி வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அலுவலகத்துக்குத் திருத்தம் எழுதிவிட்டேன். வீடு 1924-இல் கட்டப்பட்டது. அதற்கு முந்தைய நிலை தெரியவில்லை. முன் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்று வரி.

நீ எனக்கு எழுதாமலே இருந்திருக்கலாம். தெரிந்த பிறகு நான் என்ன செய்ய?

ஜெ.


காஜா பெராங்
16.6.1957

ஜெயபாலனுக்கு,

விசாரணை பன்னிரண்டாம் தேதி நடந்தது. நடந்ததை எழுதுகிறேன். கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பற்றி எழுத மாட்டார்கள்.

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார், ராஜரத்தினம் மலாயில் சொன்னார். முதலில் உன் நூற்று முப்பதைப் படித்தார்கள். பிறகு உன் மூன்று வரியைப் படித்தார்கள். பின்னால் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மீனாச்சி அக்கா என் பக்கம் குனிந்து, "சேகு, உங்களுக்கு ரெண்டு தம்பியா?" என்று கேட்டாள்.

நான் எழுந்தேன். இலைகளை எண்ணியது நான்தான், தம்பி இல்லை என்றேன். நாலு வீட்டுச் செத்தவர்களுக்கு இந்த ஒரு வீட்டில் சோறு போடுகிறார்கள், வீடு புதுசு, அவர்கள் பழசு என்றேன். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். ராஜரத்தினம் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது ரொம்பச் சின்னதாக இருந்தது, நாலைந்து சொல். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, நிலம் ஏட்டில் இவள் பெயரிலும் இல்லை, இவள் அப்பா பெயரிலும் இல்லை, வேறு யார் பெயரிலோ இருக்கிறது, வாரிசு என்று யாரும் வரவில்லை, ஆகவே என்று ஆரம்பித்தார். ஆகவே என்ற பிறகு நான் கேட்கவில்லை.

மறுப்பு இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத வேண்டும். என்னவென்று எழுதுவது?

நீ செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் எரிச்சல். தப்பு என்று சொல்ல முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

சந்திரமதி


சிங்கப்பூர்
24.6.1957

அக்கா,

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். இலைகள் வீடுகளின் வயதைக் காட்டவில்லை, இல்லாமல்போன வீடுகளைக் காட்டுகின்றன என்று புதிதாக ஓர் இயல் எழுதினேன். முன்பு எழுதியதைவிட அது நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

நன்றாக வந்திருக்கிறது என்று உனக்கு எழுதக் கூசுகிறது. எழுதிவிட்டேன்.

மீனாச்சி அக்கா என்ன சொல்கிறாள்?

ஜெ.


காஜா பெராங்
8.9.1957

ஜெயபாலனுக்கு,

இரண்டரை மாதம் எழுதவில்லை. மீனாச்சி அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டிருந்தாய். சாமானைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டு ஐந்தாம் தேதி முன் சுவரைத் தட்டி இடித்தார்கள். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. அவள் ஒன்றைத்தான் கேட்டாள், கதவு நிலையைக் கழற்றிக் கொடுங்கள் என்று. கொடுத்தார்கள். அதில் மாவிலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது நாகம்மா அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். சுதந்திரம் வந்த முப்பத்தோராம் தேதி சந்து முழுக்கக் கொடி கட்டினோம். பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு போனேன். புதுச் சாலை அகலமாகத்தான் இருந்தது. அணிவகுப்புக்கு வசதி.

போன செவ்வாய்க்கிழமை பழைய மரச் சட்டங்களை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு அலுவலகம் போனேன். ராஜரத்தினம் ஏட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனார். தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆங்கிலப் பெயர் ஒன்றை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கும் முடியும், ஜெயபாலா.

அஞ்சலை. தகப்பன் பெயர் சுப்பையன். முனை மனை அவள் பெயரில்.

வீட்டுக்கு ஓடி வந்து மீனாச்சி அக்காவிடம் யார் என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்கதான் பக்கத்துல நின்னீங்களே, மூணாவது இலை. எங்க அப்பாவோட பெரியம்மா. மூணாம் நம்பர் வீட்டுல இருந்தாங்க, புள்ள இல்ல. எங்க வீடு எரிஞ்சப்ப, என் மனையில கட்டிக்கடான்னு அப்பாகிட்டச் சொன்னது அவுங்கதான்."

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் மேல் கத்தினேன், அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். "யார் பேர்னு அவுங்க சொல்லவே இல்லியே, சேகு. வேற யாரோன்னாங்க. அஞ்சலை எனக்கு வேற யாரோவா?"

மறுநாள் ராஜரத்தினத்திடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "அண்டைக்கு இந்தப் பேரை ஆரும் சொல்லியிருந்தா விசாரணையை ஒத்தி வைச்சிருப்பினம், பிள்ளை. உறவு முறையைக் கேட்டு எழுதியிருப்பம். இப்ப நாள் கடந்து போச்சு. வீடும் இல்லை."

வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிடுகிறாள். நான் காதால் கேட்டேன். உனக்கு எழுதினேன். ஜனவரி பதினாறாம் தேதி எழுதியதை எடுத்துப் பார். வேண்டுமானால் கேட்டு எழுதுகிறேன் என்றும் எழுதியிருப்பேன். நீ எழுதிய பதிலை நான் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

சந்திரமதி


சிங்கப்பூர்
15.9.1957

அக்கா,

எடுத்துப் பார்த்தேன்.

'பெயர்கள் வேண்டாம். எண்ணிக்கை போதும்.'

என் கையெழுத்துத்தான். அழகாக, நேராக இருக்கிறது. அவசரமே இல்லாத கையெழுத்து.

கட்டுரை எண்பத்தாறு பக்கம். அஞ்சலை என்ற சொல் அதில் ஒரு முறைகூட இல்லை. வெள்ளிக்கிழமை காலை பள்ளியில் (தற்காலிக வேலைதான்) வருகைப் பதிவு எடுத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒவ்வொருவனாக நிமிர்ந்து பார்க்கிறான். நடுவில் நிறுத்திவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள்.

மற்றப் பத்துப் பெயர்களையாவது கேட்டு எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்க உட்கார்ந்தேன். கேட்க மாட்டேன். அதைக் கொண்டு இனி என்ன செய்வேன், இன்னோர் இயல் எழுதுவேன்.

மீனாச்சி அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லாதே.

ஜெ.


காஜா பெராங்
3.1.1958

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்றரை மாதமாகிறது. பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். முதலில் இருந்து எல்லாவற்றையும். அவள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். துருவுவதை நிறுத்தவில்லை. கடைசியில், "படிச்ச புள்ள" என்றாள். திட்டினாளா என்று தெரியவில்லை.

போகி திங்கட்கிழமை வருகிறது, பதின்மூன்றாம் தேதி. சுவர் இடிந்த அன்றைக்கே அவள் மண்ணில் நின்று பதினோரு பேரையும் எட்டாம் எண்ணுக்கு வரச் சொல்லிவிட்டாளாம். நாகம்மா அக்காவுடையது ஐந்து. பாய் போதாது, நம் வீட்டுப் பாயைக் கேட்டிருக்கிறார்கள். கழற்றி வந்த கதவு நிலையைப் பின்னறை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். உயரம் பொருந்தவில்லை, கீழே கல் வைத்திருக்கிறார்கள்.

நேற்று மாலை என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க தம்பிய வரச் சொல்லுங்க, சேகு. எண்ணத் தெரியும்ல? பதினாறு இலை வெட்டட்டும். கிழியாம வெட்டணும், கிழிஞ்சா அவனுக்கே சோறு போட்டுருவேன்."

உங்கள் முகத்தில் விழிக்க அவனுக்குச் சங்கடம் என்றேன்.

"மூஞ்சி யாருக்கு வேணும்? கை போதும்."

நாகம்மா அக்கா சிரித்தாள். மீனாச்சி அக்கா சிரிக்கவில்லை. பிறகு, நான் எழுந்த பிறகு, "இந்த வருசம் ரூமு பெருசு, சத்தமாத்தான் கூப்பிடணும்" என்றாள்.

பெயர் சொல்லிக் கூப்பிடும்போது இலை வெட்டுகிற ஆள் உள்ளே நிற்கலாமாம். கேட்டுவிட்டேன். கதவைச் சாத்தும்போது எங்களோடு வெளியே வந்து நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வா. இங்கே இருக்கும் கத்தி மழுங்கல். நல்லதாக ஒன்று வாங்கி வா.

சந்திரமதி